காரலின் வாயைத் திறந்து பார் – கடிதம்

வணக்கம். ஈரோட்டில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். கடல் உயிரியலாளர் ஆகி டால்பின்களை ஆராய வேண்டும் என்று ஆசை. "நீச்சலே தெரியாது, உனக்கெதற்குக் கடல்?" என்கிறார் அப்பா. எந்தக் கல்லூரியில் சேரலாம்? வேலை கிடைக்குமா?

ந.

அன்புள்ள ந.,

நீச்சலை ஒரு கோடை விடுமுறையில் கற்றுக்கொள்ளலாம். அப்பாவிடம் சொல், இந்தத் துறையில் பெரும்பாலான நேரம் மீன் இறங்குதளத்திலும் ஆய்வகத்திலும் கணினி முன்னாலும்தான் கழியும். படிப்புக்கு இரண்டு வழி. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் நான்காண்டு பி.எஃப்.எஸ்ஸி (மீன்வள அறிவியல் இளங்கலை), அல்லது விலங்கியல் இளங்கலை முடித்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையத்தில் எம்.எஸ்ஸி கடல் உயிரியல். நிரந்தர வேலை குறைவு, திட்டம் முடிந்தால் முடிந்துவிடும் ஒப்பந்த வேலையே அதிகம். தெரிந்துகொண்டு வா.

ஆனால் டால்பின்! கடிதம் முழுக்க ஒரே ஓர் உயிரினத்தின் பெயர், அதுவும் தொலைக்காட்சியில் பார்த்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு அது. கரையொதுங்கிய சடலத்திலிருந்து ஒரு பல்லைக்கூட அனுமதியில்லாமல் நீ எடுத்துவர முடியாது. யாரும் தடுக்காத காரல் மீனை என்றைக்காவது உற்றுப் பார்த்திருக்கிறாயா?

பாக் நீரிணை விசைப்படகுகளில் கூடை கூடையாக இறங்கும் சின்ன வெள்ளி மீன். கருவாட்டுக்குப் போகும், மிஞ்சியது சங்காயத்தோடு (விலைபோகாத கழிவு மீன்) மீன்தூள் ஆலைக்குப் போகும். பதிவேட்டில் 'காரல்' என்று ஒரே வரி. அந்த ஒரு வரிக்குள் பல இனங்கள் இருக்கின்றன. ஓர் இனம் அருகிக்கொண்டே போய் இன்னொன்று பெருகினால் மொத்த எடை மாறாது, கணக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே சொல்லும். என் கோபமெல்லாம் இதில்தான்.

பிரிப்பது கடினமும் இல்லை. புதிய மீனின் வாயை இடுக்கியால் மெல்ல முன்னுக்கு இழு. குழாய் போல நீளும். மேல்நோக்கி நீண்டால் செக்யூட்டர் என்ற பேரினம். நேராக முன்னே நீண்டு, தாடையில் கோரைப்பல் தெரிந்தால் காஸா. கீழ்நோக்கி வளைந்தால் லியோக்னாதஸும் அதன் உறவுகளும். பேரினம் வரை இது போதும், அதற்கப்பால் செதில், முள், உடற்கோடுகள் என்று போகும். (இந்த மீனின் உணவுக்குழாயைச் சுற்றி ஒளிரும் பாக்டீரியா குடியிருக்கிறது. டால்பினிடம் அது உண்டா?)

மாதிரி எடுக்கும்போது வரிசை மாறக்கூடாது. முதலில் படம்: துடுப்புகளை விரித்து, மீனின் இடப்பக்கம் தெரிய, அருகில் அளவுகோல் வைத்து. நிறம் சீக்கிரம் மங்கிவிடும். அடுத்து வலப்பக்கத்திலிருந்து சிறு தசைத்துண்டு, 95 சதவீத எத்தனாலில். அதன் பிறகுதான் உடலைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின்: கடையில் விற்பதில் ஒரு பங்கு, கடல்நீர் ஒன்பது பங்கு. முதலிலேயே ஃபார்மலினில் போட்டால் டிஎன்ஏ சிதைந்து, பிற்பாடு மரபணு ஆய்வுக்கு உதவாமல் போகும். ஃபார்மலினில் கொஞ்சம் போராக்ஸ் (வெண்காரம்) சேர். இல்லையென்றால் அமிலமாகிக் மீனின் காதுக்கற்களைக் கரைத்துவிடும். மீன் பெரிதானால் வயிற்றுக்குள்ளும் ஃபார்மலினை ஊசியால் ஏற்று, இல்லாவிட்டால் வெளியே விறைத்து உள்ளே அழுகும். கையுறை கட்டாயம், ஜன்னலைத் திற.

சீட்டைப் பென்சிலால் எழுது. பேனா மை எத்தனாலில் ஓடிவிடும். ஜாடிக்கு வெளியே ஒட்டாதே, மீனோடு உள்ளே போடு. இடம், தேதி, ஆழம், வலையின் வகை, மீனவர் சொன்ன பெயர் இந்த ஐந்தும் வேண்டும். ஐந்தாவதைப் படித்தவர்கள்தான் விட்டுவிடுகிறார்கள். பாட்டன் காலத்திலிருந்து மீனைப் பிரித்தறிந்தவர்கள் சொல்லும் பெயர் அது, அலட்சியமாக விடாதே.

அளக்கும்போது மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரையா, வால் பிளவு வரையா என்பதை ஒவ்வொரு தாளிலும் குறி. இரண்டும் கலந்த ஏட்டை யாராலும் மீட்க முடியாது. ஏலத்துக்குப் பெரியவை போனபின் கிடப்பதை அளந்துவிட்டு, மீன் சிறுத்துவிட்டது என்று எழுதிவிடாதே. தரம் பிரிக்கும் முன்பே கூடையிலிருந்து கைக்கு வந்ததை அள்ளிக்கொள்.

தேர்வு முடிந்ததும் மே மாதமே ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊருக்குப் பஸ் ஏறிவிடாதே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப்படகு மட்டும்தான் வரும். ஜூன் கடைசியில் போ, இடுக்கியை மறக்காமல் எடுத்துக்கொள்.