பாரிடோனாகத் தொடங்கிய டெனர்

கேள்வி: ஓபரா என்னும் மேலை இசை நாடகத்தில், டெனர் எனப்படும் உயர்ந்த ஆண் குரல் பிறவியிலேயே அமைவது என்கிறார்கள். தாழ்ந்த குரலில் பாடிவந்த ஒருவர் பிற்பாடு டெனராக மாறிப் புகழ்பெற முடியுமா?
(வாசகர், திருச்சி)

பதில்: முடியும். அதற்கு இத்தாலியப் பாடகர் கார்லோ பெர்கோன்ஸியைவிடச் சிறந்த சான்றை நான் அறியேன்.

1924இல் பார்மா மாவட்டத்தில், இசைமேதை வெர்டி பிறந்த ஊருக்கு அருகிலுள்ள விதலென்ஸோ என்னும் சிற்றூரில் பெர்கோன்ஸி பிறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியரின் முகாமில் அடைபட்டிருந்து மீண்ட அவர், பார்மா இசைப்பள்ளியில் தம்மைப் பாரிடோன், அதாவது டெனரைவிடத் தாழ்ந்த ஆண் குரலுடையவர், என்றே கருதிப் பயின்று, இசையமைப்பாளர் ரோஸ்ஸினியின் ஓபராவில் ஃபிகாரோ வேடத்தில் மேடையேறினார். சில ஆண்டுகள் பாடிய பிறகுதான், தம் குரல் இயல்பில் டெனருக்கு உரியது என்பதை உணர்ந்தார்.

இந்த மாற்றம் மேல் ஸ்தாயிச் சுரங்கள் சிலவற்றைக் கூடுதலாக எட்டிவிடுவதோடு முடிவதில்லை. குரல் மேலேறும்போது நெஞ்சிலிருந்து தலைக்கு இடம் மாறுவதுபோல் ஒலிக்கும் ஒரு பகுதி உண்டு. இத்தாலியர் அதனைப் பஸாஜ்ஜோ என்பர். பாரிடோனுக்கு அது சற்றுக் கீழேயும் டெனருக்கு மேலேயும் அமைவதால், மூச்சையும் உயிரொலிகளையும் கையாளும் பழக்கம் முழுவதையும் புதிதாகக் கற்றாக வேண்டும். பெர்கோன்ஸி இதற்கு ஆசிரியரைத் தேடிப் போகவில்லை. புகழ்பெற்ற டெனர்களான கரூஸோ, ஜீலி, ஸ்கீபா, பெர்த்திலே ஆகியோரின் இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தாமே பயின்றார். நான் அவரை வியப்பது முதலில் இதற்காகத்தான்.

1951இல் பாரி நகரில் ‘ஆந்த்ரேயா ஷெனியே’ ஓபராவின் நாயகனாக, டெனர் வேடத்தில் அறிமுகமானார். 1953இல் மிலானின் லா ஸ்காலா, 1956இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் எனப் பெரும் ஓபரா அரங்குகளில் வாய்ப்புகள் விரிந்தன. மெட்ரோபாலிடன் மேடையில் மட்டும் 300 முறைக்கு மேல் பாடியிருக்கிறார். அங்கே 1988 வரை பாட முடிந்ததற்குக் காரணம், குரலின் வலிமையைவிட அதன் எல்லையை அவர் அறிந்திருந்ததே என்பது என் கருத்து. வெர்டியின் ஓபராவில் வரும் கடுமையான ஒத்தெல்லோ வேடத்தைப் பல்லாண்டுகள் ஒதுக்கியே வைத்திருந்தார். 2000ஆம் ஆண்டு மே மாதம், 75 வயதில் நியூயார்க்கின் கார்னெகி அரங்கில் அதை முழுமையாகப் பாட முனைந்தபோது, இரண்டு அங்கங்களுக்குப் பின் குரல் ஒத்துழைக்காமல் விலக நேர்ந்தது. ஆயினும் அந்த ஓர் இரவைக் கொண்டு அவரை அளப்பது நியாயமாகாது.

1970களில் வெர்டியின் டெனர் பாடல்கள் 31ஐ அவர் ஒரே தொகுப்பாகப் பதிவு செய்தார். அதில் ‘ஆயிதா’ ஓபராவின் நாயகன் ராதமேஸ் பாடும் பாடலை முதலில் கேளுங்கள். திரை விலகிய சில நிமிடங்களிலேயே, குரல் சூடேறும் முன்பே பாட வேண்டிய பாடல் அது. அதன் உச்ச சுரம் மெல்ல அடங்கித் தேய வேண்டும் என்று வெர்டி எழுதிவைத்திருக்க, பெரும்பாலான டெனர்கள் அதை உரத்த குரலில் முடித்துக் கைதட்டல் பெறுவார்கள். பெர்கோன்ஸி அந்தச் சுரத்தைத் தேயவிடுகிறார்.