லெகோவில் ஜிம்னி கட்டுவது: கேள்விகளும் பதில்களும்

லெகோ டெக்னிக் பீஸ்களில் நான் கட்டிய ஐந்து கதவு மாருதி சுஸுகி ஜிம்னியின் படங்களைப் போட்டதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ரிமோட்டில் ஓடும், புத்தகக் கட்டு மேல் ஏறும், நிஜ வண்டியில் உள்ளதுபோல முன்னும் பின்னும் ஒரே துண்டான ஆக்ஸில் (இடது, வலது சக்கரங்களை இணைக்கும் அச்சு). முடிந்தவரை பதில் சொல்கிறேன். சஸ்பென்ஷன், கியர் என்று கேட்டவர்களுக்கு நீளமாக வரும். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணா, எந்த அளவில் கட்டுவது என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

டயரை வைத்துத்தான். பலரும் வண்டியின் நீளத்தை முடிவு செய்துவிட்டு அப்புறம் டயர் தேடுகிறார்கள். மற்ற எதையும் பீஸ்களை அடுக்கிச் சமாளிக்கலாம், டயரை மட்டும் நம்மால் செய்ய முடியாது. அதனால் இருக்கிற டயர் சொல்வதுதான் அளவு.

ஜிம்னியின் டயர் 195/80 ஆர்15. ரிம் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. பக்கச்சுவர் 195-இல் 80 சதவீதம், 156. மேலும் கீழும் சேர்த்து 312. ஆக விட்டம் 693 மி.மீ. லெகோவின் 62.4×20 டயரை எடுத்தால் (அளவு டயரிலேயே அச்சாகியிருக்கும்) விகிதம் 1:11.1. டயரின் அகலத்தையும் சரிபாருங்கள்: 195-ஐ 11.1-ஆல் வகுத்தால் 17.6. நம்மிடம் இருப்பது 20. கண்ணுக்குத் தெரியாது.

ஒரு ஸ்டட் (லெகோ பீஸ் மேல் இருக்கும் குமிழ், அதை வைத்துத்தான் நீளம் எண்ணுவோம்) 8 மி.மீ. வீல்பேஸ் 2590 என்பது 29 ஸ்டட் ஆகிறது, நீளம் 3985 என்பது 45 ஸ்டட். அகலம் 1645 மட்டும் பதினெட்டரையில் வந்து நிற்கும். பதினெட்டா பத்தொன்பதா என்று யோசிக்கவே வேண்டாம், பத்தொன்பது. ஒற்றைப்படை அகலத்தில்தான் நட்டநடுவில் ஒரு ஓட்டை கிடைக்கும், புரொப்பல்லர் ஷாஃப்ட் (மோட்டாரின் சுழற்சியை ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் தண்டு) அதில் நேராக ஓடும். இரட்டைப்படையில் கட்டினால் ஷாஃப்ட் அரை ஸ்டட் தள்ளிப் போகும், அந்த அரை ஸ்டட்டைச் சரிக்கட்டவே பாதி வண்டி செலவாகிவிடும்.

மொத்தம் எவ்வளவு செலவு ஆச்சு?

பீஸ்களில் பெரிதாகப் போகாது. மோட்டார், ரிமோட் பெட்டி, டயர், இந்த மூன்றில்தான் பணம் போகும். பழைய டெக்னிக் செட் ஏதாவது வைத்திருந்தால் முதலில் அதைப் பிரியுங்கள்.

பிடிஎஃப் இருக்கா? இன்ஸ்ட்ரக்ஷன் அனுப்புங்க ப்ளீஸ்.

இல்லை. எழுதவில்லை, எழுதும் எண்ணமும் இல்லை. படம் பார்த்துக் கட்ட வேண்டுமென்றால் ரீபிரிக்கபிள் தளத்தில் மற்றவர்கள் போட்டவை ஏராளம். நீங்களே வடிவமைக்க பிரிக்லிங்க்கின் ஸ்டூடியோ மென்பொருள் இலவசம்.

சார், ஆக்ஸில் மேலும் கீழும் நன்றாக ஆடுகிறது. ஆனால் ஸ்டியரிங்கைத் தொடாமலே, ஒரு மேடு ஏறினால் முன் சக்கரம் தானாகத் திரும்புகிறது. ஏன்?

இன்று வந்ததிலேயே நல்ல கேள்வி இது. ஜிம்னியின் ஆக்ஸிலை மூன்று கைகள் பிடித்திருக்கும். முன்பின்னாக ஓடும் இரண்டு கைகள், அப்புறம் குறுக்கே ஒரு கம்பி. குறுக்குக் கம்பியின் ஒரு முனை சட்டத்தில், மறுமுனை ஆக்ஸிலில். அதற்கு பான்ஹார்ட் ராட் என்று பெயர். ஆக்ஸில் இடவலமாக நழுவாமல் பிடிப்பது அதுதான். ஆனால் அது ஒரு முனையைச் சுற்றி வட்டமடிக்கிற கம்பி என்பதால், ஆக்ஸில் மேலே போகும்போது கொஞ்சம் பக்கவாட்டிலும் நகரும்.

உங்கள் ஸ்டியரிங் மோட்டார் சட்டத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அங்கிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க்கும் அதேபோல ஒரு வட்டம் அடிக்கிறது. இரண்டு வட்டமும் ஒன்றாக இல்லையென்றால், மேடு ஏறும்போது ஒன்று மற்றொன்றை இழுக்கும், சக்கரம் திரும்பும். டிராக் லிங்க்கும் பான்ஹார்ட் ராடும் ஒரே நீளம், ஒரே சாய்வு, ஒன்றுக்கொன்று இணையாக. அவ்வளவுதான் வைத்தியம். நிஜ வண்டியின் அடியில் குனிந்து பார்த்தால் அங்கேயும் இரண்டு கம்பியும் ஏறக்குறைய அப்படித்தான் ஓடும்.

ஸ்டியரிங் மோட்டாரையே ஆக்ஸில் மேல் ஏற்றிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் பானட்டுக்குள் ஒரு மோட்டார் மேலும் கீழும் குதித்துக்கொண்டிருக்கும். எனக்கு அது பிடிக்காது.

யுனிவர்சல் ஜாயின்ட் (ஷாஃப்ட் மடங்கிச் சுற்ற உதவும் மூட்டு) அடிக்கடி உடைகிறது. வேறு ஏதாவது வலுவான பீஸ் உண்டா?

பீஸ் மேல் பழி போடாதீர்கள். மோட்டாரிலிருந்து வெளியே வந்ததும் 8 பல், 24 பல் கியர் போட்டு மூன்று மடங்கு ரிடக்ஷன் எடுத்திருப்பீர்கள். வேகம் மூன்றில் ஒன்றாகக் குறைந்தது, சரி. முறுக்குவிசை மூன்று மடங்கானது, அதுவும் சரி. அந்த மூன்று மடங்கையும் இப்போது அந்தச் சின்ன யுனிவர்சல் ஜாயின்ட்தான் சுமக்க வேண்டும். உடையாமல் என்ன செய்யும்?

ரிடக்ஷனைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். ஷாஃப்ட், ஜாயின்ட் எல்லாம் தாண்டிய பிறகு. ஷாஃப்ட் வேகமாக, லேசாகச் சுற்றட்டும். என் வண்டியில் மோட்டாருக்கும் டிஃபரன்ஷியலுக்கும் (வளைவில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் தொகுதி) இடையே வேகம் குறைகிற கியரே கிடையாது. 12 பல் பெவல் கியர் 28 பல் டிஃபரன்ஷியலைச் சுற்றுகிறது, 2.33 மடங்கு. லெகோவின் பவர் ஃபங்ஷன்ஸ் வரிசையில் வந்த எக்ஸ்எல் மோட்டார் சுமையில்லாமல் நிமிடத்துக்குச் சுமார் 220 சுற்று. கணக்குப் போட்டால் சக்கரம் 94 சுற்று, வினாடிக்கு 31 செ.மீ. விகிதத்தில் பெருக்கினால் நிஜ ஜிம்னி மணிக்கு 12 கி.மீ.-இல் போவதற்குச் சமம். பாறை ஏறுவதற்கு வேறென்ன வேண்டும்?

பெரிய டயர் வைத்துக் கட்டுகிறவர்களுக்கு இன்னும் வசதி. 2011-இல் வந்த 8110 யூனிமாக் செட்டில் போர்ட்டல் ஹப் வந்தது, சக்கரத்துக்குள்ளேயே கியர். 2019-இல் வந்த 42099 செட்டில் பிளானட்டரி ஹப், அது தனியாக 5.4 மடங்கு குறைக்கும். என் சின்ன டயருக்குள் அதெல்லாம் நுழையாது.

இன்னொரு லாபமும் உண்டு. ஷாஃப்டில் முறுக்கு அதிகமானால், ஒரே துண்டு ஆக்ஸில் உள்ள வண்டி ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் ஒரு பக்கம் சாயும். பலர் அதை ஸ்பிரிங் கோளாறு என்று நினைத்து மஞ்சள் நிறக் கடின ஸ்பிரிங்கை மாட்டுகிறார்கள். வண்டி சாய்வது குறையும், சஸ்பென்ஷனும் கட்டைபோல ஆகிவிடும்.

கியருக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?

வேண்டாம்.

எத்தனை டிஃபரன்ஷியல் போட்டீர்கள்? லேண்ட் ரோவர் டிஃபெண்டர் செட்டில் மூன்று இருக்கிறதே.

இரண்டு. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டும் 5×7 சட்டத்துக்குள் அடைபட்டிருக்கும், இல்லையென்றால் சுமை வந்ததும் 12 பல் கியர் கடகடவென்று வழுக்கும்.

மூன்று டிஃபரன்ஷியல் இல்லாமல் அதை ரியலிஸ்டிக் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு நடுவில் ஒன்று கட்டாயம்.

இரண்டு ஜிம்னி வேண்டாம், ஒன்றின் அடியில் குனிந்து பாருங்கள். 42110 என்பது 2019-இல் வந்த 2573 பீஸ் செட், புது டிஃபெண்டரின் மாடல். அந்த வண்டி எப்போதும் நான்கு சக்கரத்திலும் ஓடுவது, அதனால் நடு டிஃபரன்ஷியல் தேவை. ஜிம்னி அப்படியில்லை. சாதாரணமாகப் பின் சக்கரம் மட்டும். 4எச் (நான்கு சக்கரமும் இயங்கும் நிலை) போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன்னும் பின்னும் அனுப்பும் கியர் பெட்டி) முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் நேராக இணைத்துவிடும், நடுவில் டிஃபரன்ஷியலே கிடையாது. காய்ந்த தார் ரோட்டில் 4எச் போடாதே என்று சொல்வது அதனால்தான்: வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் போகும், அந்த வித்தியாசம் போக இடமில்லாமல் ஷாஃப்டில் முறுக்கிக்கொள்ளும். நிஜத்தில் இல்லாத டிஃபரன்ஷியலை மாடலில் வைத்தால்தான் அது பொய்.

அண்ணன் சொல்வது சரி, ஆனால் டிஃபரன்ஷியலே வேண்டாம் என்பது என் கட்சி. ஒரு சக்கரம் காற்றில் தூக்கினால் அது மட்டும் சும்மா சுற்றும், வண்டி நிற்கும். நேரடி ஆக்ஸில் போட்டால் சுவரே ஏறும்.

சுவர் ஏறும், திரும்பாது. டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியை டைல்ஸ் தரையில் வளைத்துப் பாருங்கள். உள் சக்கரம் கிறீச்சிட்டு இழுபடும், திரும்புவதற்கு அறை முழுக்க இடம் வேண்டும். போட்டிக்குக் கட்டுகிறவர்கள் அப்படித்தான் கட்டுகிறார்கள், அது அவர்கள் விளையாட்டு. எனக்கு வண்டி ஏறவும் வேண்டும், ஜிம்னி மாதிரி நடந்துகொள்ளவும் வேண்டும்.

அப்படியானால் தூக்கிய சக்கரத்துக்கு உங்கள் வண்டி என்ன செய்யும்? நிற்கும்தானே? நிஜ ஜிம்னி நிற்காது!

நிஜ ஜிம்னியில், சும்மா சுற்றும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து மறுபக்கத்துக்கு விசையைத் தள்ளுகிற எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறது. அதை லெகோவில் செய்ய என்னால் முடியவில்லை, மாற்றாகப் பின் டிஃபரன்ஷியலுக்கு ஒரு பூட்டு வைத்தேன். இரண்டு அரை ஷாஃப்டிலும் ஒரே அளவு கியர். பக்கத்தில் இணையாக ஒரு சின்ன ஷாஃப்ட், அதில் ஒரு பக்கம் நிலையான கியர், மறுபக்கம் சும்மா சுற்றும் கிளட்ச் கியர். நடுவில் டிரைவிங் ரிங். ரிங்கை நகர்த்திக் கிளட்ச் கியரில் கோத்துவிட்டால் இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். பென்ஸ் ஜி கிளாஸில் இப்படி மூன்று இடத்தில் பூட்டு உண்டு. ஜிம்னியில் பூட்டு கிடையாதே என்று இனி ஒருவர் எழுதுவார். தெரியும். ஒரு பொய் சொல்லத்தான் வேண்டும் என்றால் வெளியே தெரியாத பொய்யைச் சொல்லுகிறேன்.

ஜிம்னியில் பூட்டு கிடையாதே?

வந்துவிட்டார்.

மஹிந்திரா தாருக்கு இதே முறை சரியா?

அளவு கணக்கு சரி. 255/65 ஆர்18 டயர் 789 மி.மீ. வரும், அதே 62.4×20 டயரில் 1:12.6. அகலமும் 20-க்கு அச்சாகப் பொருந்துகிறது. வண்டி அகலம் 18 ஸ்டட், வீல்பேஸ் 24. ஆனால் 2020 தாரில் பின்னால் மட்டுமே ஒரே துண்டு ஆக்ஸில். முன்னால் இரண்டு சக்கரமும் தனித்தனி சஸ்பென்ஷன். முன்பக்கத்தை என் ஜிம்னியிலிருந்து எடுக்காதீர்கள். ஆசைப்பட்டுத் தடித்த 68.8×36 டயர் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். டிராக்டர் வந்துவிடும்.

எல் மோட்டார் போட்டு, மோட்டார் பக்கத்திலேயே 3:1 குறைத்தால் ஓடுமா?

மேலே பாருங்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில்.

சார்ஜ் செய்யும் பேட்டரி போட்டதும் வண்டி மந்தமாகிவிட்டது. மோட்டார் போய்விட்டதா?

மோட்டாருக்கு ஒன்றுமில்லை. சாதாரண ஏஏ பேட்டரி ஒன்று 1.5 வோல்ட், ஆறு போட்டால் 9. சார்ஜ் ஆகும் நிக்கல் பேட்டரி ஒன்று 1.2 வோல்ட், ஆறுக்கு 7.2. அந்த வித்தியாசம்தான். ஆனால் சுமையில் அவை சீராக ஓடும். நான் அவைதான் போடுகிறேன்.

எனக்கும் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்கிறது. 12 நீள ஆக்ஸில் பீஸ், மோட்டாரிலேயே ரிடக்ஷன்...

சக்கரத்துக்குப் பக்கத்தில்!

பாடியை எப்போது தொடங்குவது? முகம் சரியாக வரமாட்டேன் என்கிறது.

கடைசியில். சட்டம் ஓடி, ஏறி, விழுந்து எழுந்த பிறகு. பாடி போட்டதும் எடை உயரப் போகும், சரிவில் கவிழ்கிற வண்டியெல்லாம் பெரும்பாலும் கூரை கனத்த வண்டிகள். கூரைக்குக் கனமான பிளேட் அடுக்காமல் பேனல் வையுங்கள்.

முகத்துக்கு: கிரில்லில் செங்குத்தாக ஐந்து துளை. அந்த எண்ணிக்கை தப்பினால் பார்க்கிறவர் கண் உடனே வேறு வண்டி என்று சொல்லிவிடும். முன் கண்ணாடி ஏறக்குறைய நட்டமாக நிற்க வேண்டும், சாய்த்துவிட்டால் ஜிம்னி போய்விடும். ஹெட்லைட் வட்டம், இண்டிகேட்டர் தனியாகச் சின்ன வட்டம். இந்த மூன்றும் சரியாக இருந்தால் மற்றதைக் கண் மன்னிக்கும்.

வேறு நிறுவனப் பீஸ் கலக்கலாமா?

பேனலுக்குக் கலக்குங்கள். கியருக்கும் ஷாஃப்டுக்கும் ஒரே நிறுவனம் போதும். இறுக்கம் ஒன்றுக்கொன்று மாறினால் எங்கே தேய்கிறது என்று தேடியே சலித்துப்போவீர்கள்.

நடு டிஃபரன்ஷியல் பற்றி இன்னும் ஒரு சந்தேகம், அந்த 4எச்...

தம்பி, அதை நீங்களும் டிஃபரன்ஷியல் வேண்டாம் என்றவரும் பேசி முடித்துவிட்டு வாருங்கள்.

சார், பிடிஎஃப் கிடைக்குமா?

மூன்றாவது கேள்வி.