விழட்டும், விடுங்கள்

ஐயா, வணக்கம். என் மகளுக்கு 14 மாதம். பத்தடி நடந்தால் பொத்தென்று விழுகிறாள். பக்கத்து வீட்டுப் பையன் 11 மாதத்திலேயே நடந்துவிட்டான். மாமியார் வாக்கர் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? ஷூ போட்டால் விழமாட்டாளா? கன்றுக்குட்டி பிறந்த அன்றே நடக்கிறது, நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு?
கவிதா

அன்புள்ள கவிதா,

பக்கத்து வீட்டுப் பையனை மறந்துவிடுங்கள். ஷூவும் வேண்டாம், வீட்டுக்குள் வெறுங்கால் போதும். அந்தக் கன்றுக்குட்டிக்காகத்தான் இந்தப் பதில்.

எங்கள் தொழுவத்தில் மாடு ஈனும் இரவுகளில் லாந்தர் பிடிப்பது என் வேலை. கன்றின் குளம்பு நுனியில் வெண்ணெய் மாதிரி இருக்கும் சதையை அப்பா கிள்ளி எடுப்பார். கன்று முதலில் பின்பக்கத்தைத் தூக்கும், முன்னங்கால்கள் மண்டியிட்டபடியே கிடக்கும். சரியும். மறுபடி தூக்கும். விடிவதற்குள் மடியைத் தேடிப் போய்விடும். மாட்டுக்கும் ஒன்பது மாதச் சினைதானே, பிறகு ஏன் இந்த வித்தியாசம் என்று ரொம்ப நாளாகவே மண்டைக்குள் குடைச்சல். 2009இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 24 பாலூட்டிகளை ஒப்பிட்டார்கள். கருவுற்ற நாளிலிருந்து எண்ணினால், மூளை பெரிதாகப் பெரிதாக நடை தள்ளிப்போகிறது. மனிதனும் அந்தக் கணக்குக்குள்தான் வருகிறான். மாட்டு மூளை நம்முடையதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அது வயிற்றுக்குள்ளேயே முடித்துவிட்டு வரும் வேலையை உங்கள் மகள் கூடத்தில் செய்கிறாள்.

விழுகிறாள் என்று என்ன புலம்பல்! நியூயார்க்கில் குழந்தைகளின் நடையை ஆராயும் உளவியலாளர் கேரன் அடால்ஃபின் குழுவினர் 12 முதல் 19 மாதக் குழந்தைகளை விளையாடவிட்டு எண்ணி, 2012இல் வெளியிட்டார்கள். சராசரியாக மணிக்கு 2,368 அடி வைத்து 17 முறை விழுந்தன. நன்றாகத் தவழும் பிள்ளையும் விழத்தான் செய்கிறது. நடக்கும் பிள்ளை கூடுதல் தூரம் போகிறது, அவ்வளவுதான். அவருடைய இன்னொரு சோதனையில், தவழும் காலத்தில் செங்குத்தான சரிவைக் கண்டு நின்ற குழந்தைகள், நடக்கத் தொடங்கியதும் அதே சரிவில் யோசிக்காமல் இறங்கின. பிடிக்க ஆள் இருந்ததால் பிழைத்தன. தவழ்ந்து கற்றது நடைக்கு உதவவில்லை, முதலிலிருந்து கற்கவேண்டியிருக்கிறது. நீங்கள் பாய்ந்து பாய்ந்து தூக்கினால் அவள் எப்போது கற்பாள்? மேசை முனைக்குத் துணி கட்டுங்கள், படிக்கட்டு வழியை அடைத்து வையுங்கள், அப்புறம் சும்மா உட்காருங்கள்.

ஆமாம், வாக்கர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அதில் குழந்தை தொங்கிக்கொண்டு நுனிக்காலால் உந்துகிறது, தன் பாதத்தைக்கூடப் பார்க்க முடியாது. படிகளில் உருண்டு காயம்பட்ட குழந்தைகளைப் பார்த்துத்தான் கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது. மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். ஏதாவது வாங்கியே தீருவேன் என்றால் மரத்தில் செய்த பழைய நடைவண்டியை வாங்கச் சொல்லுங்கள். அதில் பிள்ளை தன் காலில் நின்றுதான் தள்ளவேண்டும், நீங்களும் பக்கத்தில் இருக்கவேண்டும்.