அச்சடித்த லாரி ரசீதில் விவரங்களை மட்டும் பிரிண்ட் செய்ய எந்த ரிப்போர்ட் மென்பொருள் நல்லது?

அச்சகத்தில் அடித்து வாங்கிய எல்.ஆர். (லாரி ரசீது) தாளில் அனுப்புபவர், பெறுபவர், எடை, வாடகை ஆகியவை மட்டும் கட்டத்துக்குள் விழ வேண்டும், அதற்கு கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸா, ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸா, ஃபாஸ்ட்ரிப்போர்ட்டா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றிலும் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். பேப்பரையும் பிரிண்டரையும் பார்த்த பிறகுதான் மென்பொருளை முடிவு செய்ய வேண்டும் என்பது என் அனுபவம்.

முதன்முதலில் ஒரு புக்கிங் ஆபீஸுக்குச் செய்தபோது, ஒரே ஒரு தாள் அடித்துப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. மறுநாள் காலை கவுன்டரிலிருந்து போன். "அண்ணே, ரெண்டாவது பில்லுல எல்லாம் மேல ஏறிடுச்சு. நாலாவதுல பார்ட்டி பேரு நம்ம கம்பெனி பேரு மேலயே விழுது." பேப்பரின் நீளம் 12 அங்குலம், அதாவது 304.8 மி.மீ. கணினியின் பிரிண்டர் டிரைவரில் இருந்ததோ ஏ4, 297 மி.மீ. தாளுக்குத் தாள் கிட்டத்தட்ட 8 மி.மீ. குறைவாகத் தள்ளியதில், நாலாவது தாளில் 2 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்துவிட்டது. அன்றிலிருந்து பத்துத் தாளாவது தொடர்ந்து அடித்துப் பார்க்காமல் எதையும் ஒப்படைப்பதில்லை.

உங்களிடம் இருப்பது டாட் மேட்ரிக்ஸ் (ஊசியால் தட்டி அடிக்கும் பிரிண்டர்), மூன்று நான்கு பிரதி கார்பன் பேப்பர், விவரங்கள் ஆங்கிலத்தில் மட்டும் என்றால், ரிப்போர்ட் மென்பொருளே வேண்டாம். விண்டோஸ் டிரைவர் வழியாகப் போனால் எழுத்தைப் படமாக்கி அனுப்பும். ஹெட் மெதுவாக ஓடும், கடைசிப் பிரதியில் எழுத்தும் மங்கும். நேரடியாக டெக்ஸ்ட் அனுப்புங்கள். அங்குலத்துக்கு 6 வரி, 12 அங்குலத்துக்கு 72 வரி. எப்சன் வகைக் கட்டளையில் எஸ்கேப், பெரிய சி (C), வரி எண்ணிக்கையான 72 என்று தொடக்கத்தில் அனுப்பிவிட்டால் பக்க நீளம் சரியாக நிற்கும். இந்தக் கட்டளைகளைக் கையால் எழுத அலுப்பாக இருந்தால், ஃபாஸ்ட்ரிப்போர்ட்டின் டெல்ஃபி (ஒரு நிரல் மொழி) பதிப்பில் டாட் மேட்ரிக்ஸுக்கென்றே தனி ரிப்போர்ட் வகை இருக்கிறது.

லேசர் பிரிண்டர் என்றாலோ, தமிழில் பெயர் வர வேண்டும் என்றாலோ நான் ஜாஸ்பர்தான் எடுப்பேன். கிரிஸ்டலில் பேப்பர் அளவு டிரைவரைச் சார்ந்திருப்பதால், ஒவ்வொரு கணினியிலும் உட்கார்ந்து தனி அளவை உருவாக்க வேண்டியிருந்தது. ஜாஸ்பரில் பக்க அளவு டெம்ப்ளேட் என்கிற வடிவமைப்புக் கோப்புக்குள்ளேயே இருக்கும். அளவு அங்குலத்தில் 72-ல் ஒரு பங்கு, அதனால் ஸ்கேலில் அளந்த மி.மீ.யை 2.83-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். ரசீதை ஸ்கேன் செய்து பின்னணியில் வைத்து, அதன் மேல் பெட்டிகளை அடுக்கி, பிரிண்ட் எடுக்கும்போது மட்டும் அந்தப் படம் வராதபடி நிபந்தனை போடலாம். வெள்ளைத் தாளில் அடித்து, ரசீதோடு சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் எது எங்கே தள்ளியிருக்கிறது என்று உடனே தெரியும்.

தமிழுக்கு ஒரு எச்சரிக்கை. பிடிஎஃப் ஆக்கும்போது கொம்பும் துணைக்காலும் இடம் மாறிவிடும் நிலை பல கருவிகளில் இருந்தது. "பொன்னுசாமி", "கோவை" என்று இரண்டு பெயரை அடித்துப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

அப்புறம், டெம்ப்ளேட் நிரலுக்கு வெளியே தனிக் கோப்பாக இருக்கட்டும். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது பில் தாள்களில் டின் எண் (பழைய வாட் பதிவு எண்) போய் ஜிஎஸ்டிஐஎன் (ஜிஎஸ்டி பதிவு எண்), சிஜிஎஸ்டி (மத்திய வரி), எஸ்ஜிஎஸ்டி (மாநில வரி) கட்டங்கள் வந்தன. இடங்களை நிரலுக்குள் எழுதி வைத்திருந்த ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் புது எக்ஸிஇ (நிரல் கோப்பு) கொண்டுபோய்ப் போட்டேன்.

கவுன்டரில் இருப்பவரே மேல்-கீழ், இட-வலம் மி.மீ. கணக்கில் நகர்த்த இரண்டு எண்களும் கட்டாயம் கொடுங்கள். அச்சகத்திலிருந்து வரும் அடுத்த தாள் கட்டில் கோடு 2 மி.மீ. தள்ளியிருக்கலாம். அதற்காக அவர் உங்களுக்குப் போன் போட்டுக் காத்திருந்தால், அதுவரை லோடு ஏற்றிய லாரி வாசலிலேயே நிற்கும்.