மெட்ராஸில் சிக்கிய குறுங்கோள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: சென்னையில் இருந்து குறுங்கோள் கண்டுபிடித்தார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். குறுங்கோள் (asteroid) என்பது சூரியனைச் சுற்றிவரும் சிறிய பாறைப் பொருள். 1861 ஏப்ரல் 17 அன்று, நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் வானியலாளர் நார்மன் போக்சன் அப்படி ஒன்றைக் கண்டார். ஆசியக் கண்டத்தில் இருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் குறுங்கோள் என்பதால் ‘ஆசியா’ என்றே பெயர். வரிசை எண் 67. அந்த வளாகத்தில் இப்போது வானிலை மையம் இருக்கிறது. பழைய வானாய்வகத்தின் கருங்கல் தூணை இன்றும் அங்கே பார்க்கலாம்.

கேள்வி: புகைப்படம் இல்லாத காலத்தில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

தொலைநோக்கியில் கண்ணை வைத்து, விண்மீன் வரைபடத்தோடு ஒப்பிட்டுத்தான். வரைபடத்தில் இல்லாத புள்ளி ஒன்று தென்பட்டால், அதைக் குறித்துக்கொண்டு மறுநாள் இரவும் பார்க்க வேண்டும். நகர்ந்திருந்தால் குறுங்கோள். அசையாமல் இருந்தால், வரைந்தவர் விட்டுவிட்ட விண்மீனாகவோ ஒளி மாறும் விண்மீனாகவோ இருக்கும்.

அப்புறம்தான் பெரிய வேலை. பல இரவுகளில் அளந்த இடங்களை வைத்துச் சுற்றுப்பாதையைக் கணக்கிட வேண்டும். இல்லையென்றால் சில மாதங்களில் அது சூரியன் பக்கம் போய் மறைந்துவிடும். திரும்பி வரும்போது எங்கே என்று தேடுவது? 1801 ஜனவரியில் இத்தாலியில் வானியலாளர் பியாஸ்ஸி கண்ட முதல் குறுங்கோளான சீரிஸ் அப்படித்தான் கைவிட்டுப் போனது. ஜெர்மன் கணித அறிஞர் காஸ் (Gauss) போட்டுக் கொடுத்த கணக்கை வைத்து அந்த ஆண்டுக் கடைசியில் மறுபடி பிடித்தார்கள். என்னைக் கேட்டால், பார்த்தவருக்குக் கிடைக்கும் பெயரில் பாதி கணக்குப் போட்டவருக்குச் சேர வேண்டும்.

கேள்வி: ஆசியா பூமியில் மோதுமா?

பயமே வேண்டாம். சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தை 1 என்று வைத்தால், ஆசியாவின் நீள்வட்டப் பாதை 1.97-இல் இருந்து 2.87 வரை போகிறது. செவ்வாயின் பாதையைக்கூட அது தொடுவதில்லை. மிக அருகில் வந்தாலும் நம்மிடம் இருந்து சுமார் 14 கோடி கிலோமீட்டர் தள்ளித்தான் நிற்கும். ஒரு சுற்றுக்கு 3.77 ஆண்டு, செவ்வாயின் ஆண்டைப் போல ஏறக்குறைய இரு மடங்கு.

கேள்வி: மொட்டைமாடியில் நின்று பார்க்க முடியுமா?

வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஏறக்குறைய 16 மாதத்துக்கு ஒருமுறை சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் வரும். அப்போது 6 அங்குலத் தொலைநோக்கியும் இருட்டான இடமும் இருந்தால் முயன்று பார்க்கலாம். சென்னை நகர வெளிச்சத்தில் சிரமம்தான். தெரிவதும் விண்மீன் போன்ற ஒரு புள்ளிதான். அடுத்த இரவு இடம் மாறியிருக்கிறதா என்று பார்த்தால்தான் ஆசியா என்று உறுதியாகும்.