துருக்கி மொழி தெரிந்தால் ஹங்கேரிய மொழி எளிதா?

இஸ்தான்புல்லில் கற்ற துருக்கி மொழியை வைத்து, புடாபெஸ்ட் போகும் முன் மூன்றே மாதத்தில் ஹங்கேரிய மொழியைப் பிடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே குடும்பம் என்று நண்பர் சொன்னது தவறு. ஹங்கேரியம் யூராலிக் குடும்பம். சைபீரியாவின் ஹாந்தி, மான்சி மொழிகள்தான் அதற்கு நெருங்கிய சொந்தம். பின்னிஷ் தூரத்து உறவு.

ஆப்பிளுக்குத் துருக்கியில் எல்மா, ஹங்கேரியத்தில் அல்மா என்பதெல்லாம் ஹங்கேரியம் கடன் வாங்கியவை. மகியார்கள், அதாவது ஹங்கேரியர்களின் முன்னோர், இன்றைய ஹங்கேரிக்கு வருமுன்பே துருக்கிய இனத்தாரோடு பழகியதில் வந்த சொற்கள் அவை. 1541 முதல் 1686 வரை புடாவை (இன்றைய புடாபெஸ்டின் ஒரு பகுதி) ஒட்டோமான் துருக்கியர் ஆண்டபோது இன்னும் சில சேர்ந்தன. மற்றபடி சொற்களைப் புதிதாகத்தான் படிக்க வேண்டும்.

உங்களுக்கு உண்மையில் கைகொடுக்கப்போவது அமைப்பு. "என் வீடுகளில்" என்பது துருக்கியில் எவ்-லெர்-இம்-தெ, ஹங்கேரியத்தில் ஹாஸ்-அ-இ-ம்-பன். விகுதி மேல் விகுதி, உயிரொலி இசைவு (சொல்லின் உயிரொலிக்கு ஏற்ப விகுதியின் உயிரொலியும் மாறுவது), பால் வேறுபாடு இல்லாமை, எல்லாம் உங்களுக்குப் பழக்கமானவை.

சிக்கல் வினைச்சொல்லில்தான். துருக்கியில் குறிப்பிட்ட பொருளைச் சுட்ட, தமிழின் 'ஐ' போலப் பெயரோடு வேற்றுமை உருபு சேர்த்தால் போதும். ஹங்கேரியத்தில் வினையே மாறும்: ஏதோ ஒன்றைப் பார்த்தால் லாத்தொக், குறிப்பிட்ட அதைப் பார்த்தால் லாத்தொம். அப்புறம் மெக், எல் போன்ற வினைமுன்னொட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். மூன்று மாதத்தில் கடைத்தெருப் பேச்சு வரும், அலுவலகப் பேச்சு வராது. முதல் மாதத்தை லாத்தொக், லாத்தொம் என்ற இந்த இரண்டு வினை வடிவங்களுக்கே கொடுங்கள்.