கரைவலைக்கு எட்டாத மீன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கரைவலைத் தொழில் (கடலில் வலையை வளைத்துவிட்டுக் கரையில் நின்று இழுப்பது). சித்திரை, வைகாசியில் வலை வளைத்தால் இப்போதெல்லாம் மடியில் சூடை, நெத்தலியை விடச் சொறிமுட்டைதான் (ஜெலிமீன்) கூட. கடல் சூடாகிவிட்டது என்கிறார்கள். தண்ணீரில் கையை வைத்துப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.
(வாசகர், அளம்பில்)

பதில்: தெரியாதுதான் தம்பி. 1950க்கும் 2020க்கும் இடையில் இந்து சமுத்திரத்தின் வெப்பமண்டலப் பகுதியில் மேல் தண்ணீர் ஏறத்தாழ ஒரு பாகை (செல்சியஸ்) சூடாகியிருக்கிறது. எழுபது வருடத்தில் ஏறியதைக் கை எப்படிப் பிடிக்கும்? மீனுக்குத் தெரியும், அதன் உடம்புச் சூடே தண்ணீரோடு சேர்ந்து ஏறி இறங்குவதுதானே. வாடைக் காற்று ஓய்ந்து, சோளகக் காற்று எழும்பாமல், கடல் தகடு மாதிரிக் கிடக்குமே, அந்த நாட்களை யோசித்துப் பாருங்கள். மேல் தண்ணீர் சூடாகி லேசாகி மூடி போட்டது போல நின்றுவிடும், கீழே குளிர்ந்த தண்ணீரில் இருக்கும் உரம் மேலே வராது, அது வராவிட்டால் கண்ணுக்குத் தெரியாத பாசியும் பூச்சியும் குறையும், அதைத் தின்று வாழும் சூடையும் நெத்தலியும் இரையைத் தேடி வேறு பக்கம் போய்விடும். மீன் செத்துப்போகவில்லை, உங்கள் வலைக்கு எட்டவில்லை. இயந்திரப் படகுக்காரர் துரத்திப் போகலாம் (2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்குத் தாவியபோது அவர்களுக்கும் மூச்சு முட்டியது, அது வேறு கதை). ஆனால் கரைவலைக்குப் பாடு (வலை வளைக்கும் கரைத் துண்டு) ஒன்றுதான், அதைத் தூக்கிக்கொண்டு மீனுக்குப் பின்னால் ஓட முடியாது. ஒரே கடல், ஒரே சூடு, அடி மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக விழுவதில்லை.

சரி, எல்லாவற்றையும் சூட்டின் தலையில் கட்டுவதும் எனக்குப் பிடிக்காது. கடலடியை வாரும் இழுவை மடி வலை இலங்கையில் 2017இல் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. அப்புறமும் கடலடியை வாரி இழுப்பவர்களும், வெளிச்சம் பாய்ச்சிக் குஞ்சு குருமான் வரை அள்ளுபவர்களும் இருக்கிறார்கள். சொறிமுட்டையும் அப்படித்தான். சில இனங்களுக்குச் சூட்டுத் தண்ணீர் பிடிக்கும், ஆனால் அதன் இரைக்குப் போட்டியாக நின்ற சின்ன மீனை அள்ளிக்கொண்டு போய் இடம் விட்டுக் கொடுத்தது மனிதர்தான். வெயிலைத் திட்டினால் வெயில் கோபிக்காது, அதனால் சிலருக்கு அது வசதியான பதில்.

கேள்வி: கடும் கோடையில் நந்திக்கடல் களப்பில் (கடலை ஒட்டிய நீர்ப்பரப்பு) மீன் செத்து மிதந்தால், யாரோ நஞ்சு போட்டார்கள் என்று ஊரில் கதை கிளம்பும். விடியற்காலையில்தான் மிதக்கிறது. உண்மையா?
(வாசகி, வட்டுவாகல்)

பதில்: விடியற்காலை என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவாகத்தான் கரையும், 25 பாகையில் கரைவதை விட 30 பாகையில் நூற்றுக்கு எட்டுப் போலக் குறைவு. பகலில் பாசி ஒட்சிசனை விடும், இரவில் அதுவும் சேர்ந்து எடுக்கும், ஆகவே விடியும் நேரம்தான் மிகவும் தட்டுப்பாடு. களப்போ ஆழமில்லாதது, மழையில்லாமல் வற்றி, முகத்துவாரமும் மண் மூடிக் கிடந்தால் மீன் எங்கே போகும்? நஞ்சே இருக்காது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன், சந்தேகம் இருந்தால் அன்றைக்கே தண்ணீரைப் போத்தலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். எதுவானாலும் செத்து மிதந்த மீனைக் கறிக்கு எடுக்கவேண்டாம்.

கேள்வி: கடல் சூடானால் புயல் கூடுமா?
(நாயாறு)

பதில்: புயல் உருவாக மேல் தண்ணீர் 26.5 பாகையாவது இருக்கவேண்டும் என்பது கணக்கு. நம்முடைய கடல் பெரும்பாலும் அதற்கு மேலேதான், ஆனாலும் தினம் தினம் புயல் வருவதில்லையே. சூடு விறகு மட்டும், மூட்டுவதற்குக் காற்றும் ஒத்துவரவேண்டும். மூண்டுவிட்டால், விறகு கூடின கடலில் கெதியாகப் பலக்கும், அதுதான் பயம். 2020 மார்கழியில் புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் நடுவில் கரையேறியது நினைவிருக்கும்.

கேள்வி: வெயில் கூடினால் கருவாட்டுக்கு நல்லதுதானே?
(வாசகி, செம்மலை)

பதில்: கருவாட்டுக்கு வெயில் மட்டும் போதுமா அக்கா, மீனும் வேண்டுமே! உச்சி வெயிலில் தடித்த மீனைப் போட்டால் மேலே இறுகி உள்ளே ஈரம் நின்றுவிடும், இரண்டு நாளில் மணக்கும். கீறிப் போடுங்கள், மணலில் பரப்பாமல் பரண் கட்டி வலை விரித்து அதில் காயவிடுங்கள், நடு மத்தியானத்தில் மட்டும் கிடுகு நிழல் கொடுங்கள்.